கால் இழுத்தது, முகம் திரும்பவில்லை

சிட்டுவின் நடையில் ஏதோ மாறியிருக்கிறது என்று முதலில் சொன்னவர் அப்பா. அதையும் அவர் பார்த்துச் சொல்லவில்லை, கேட்டுச் சொன்னார். பார்வை மங்கத் தொடங்கிய பிறகு, வீட்டுக்குள் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்பதைக் காதாலேயே கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. “இவளுடைய நகம் தரையில் உரசுகிறதம்மா, முன்னால் இல்லை, பின்னால் மட்டும்” என்றார். நகம் வளர்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அன்று மாலை நகவெட்டியோடு உட்கார்ந்தபோது, இடது பின்னங்காலின் நடு இரண்டு நகங்களும் மேற்புறம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கிற நாய்க்குத்தான் நகம் அப்படித் தேயும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மற்ற நகங்களை வெட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

சிட்டு ஆறு வயதுப் பெண் நாய், டாஷ்ஹண்ட் என்ற குட்டைக்கால் இனம். நகம் வெட்டிய நான்காம் நாள் மாலையில் அவள் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். தூக்கப் போனால் நடுங்கினாள். முன்பு ஒருமுறை கால் சுளுக்குக்காக வாங்கி மீந்திருந்த வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். இரவு பதினொரு மணிக்குப் பின்னங்கால்கள் குடித்தவன் கால்களைப் போல ஒன்றோடொன்று பின்னின. இரவில் திறந்திருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஓர் ஊசி போட்டு, காலையில் சரியாகிவிடும் என்று அனுப்பினார்கள். மாலையில் மாத்திரை கொடுத்ததைப் பதற்றத்தில் நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. காலையில் சிட்டு முன்னங்கால்களால் மட்டும் தரையைப் பற்றி இழுத்து, பின்பாதியை ஒரு மூட்டையைப் போலச் சுமந்துகொண்டு தண்ணீர்க் கிண்ணத்துக்கு வந்தாள்.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அவளை ஐந்து நிமிடம்கூடப் பரிசோதிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் மூன்று காரியங்களைச் செய்தார். இது எலும்பு அல்ல, நரம்பு என்றார். நரம்பியல் நிபுணர் ஒருவரைத் தானே தொலைபேசியில் அழைத்து அன்றைக்கே பார்க்க ஒப்புக்கொள்ளச் செய்தார். சிட்டுவைக் கையில் தொங்கத் தூக்காமல் ஒரு தட்டையான பலகையில் படுக்கவைத்து, பட்டையால் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோகச் சொன்னார். முதுகில் விலகிய இடம் மேலும் அசைந்தால் காலில் இருக்கிற கொஞ்ச உணர்வும் போய்விடும் என்பது அதற்குக் காரணம். வழியில் உணவு கொடுக்க வேண்டாம், மயக்கம் கொடுக்க நேரலாம் என்றார். “கைப்பேசியில் ஏதாவது படம் பிடித்திருக்கிறீர்களா?” என்று கேட்டதும் அவர்தான். முந்தைய இரவு கால்கள் பின்னியபோது, யாரிடமாவது காட்டலாம் என்ற எண்ணத்தில் இருபது விநாடி எடுத்திருந்தேன். அதை அழித்துவிடாதீர்கள் என்றார்.

பயணம் மூன்று மணி நேரம். பின்னிருக்கையில் பலகையின் ஒரு முனையை அப்பா மடியில் வைத்திருந்தார். அவள் தலையை அவர் தொடையில் சாய்த்துக்கொண்டு விடாமல் மூச்சிரைத்தாள்.

நரம்பியல் பிரிவின் காத்திருப்பு அறை மற்ற கால்நடை மருத்துவமனைகளைப் போல இரைச்சலாக இருக்கவில்லை. ஒரு பூனை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே கூடைக்குள் அமர்ந்திருந்தது; உலகமே சரிந்துவிட்டதாக அது எண்ணியிருக்க வேண்டும். காதின் உட்பகுதியில் சமநிலை காக்கும் உறுப்போ மூளையின் அடித்தண்டோ பாதிக்கப்பட்டால் தலை இப்படிச் சாயும் என்று பிறகு அறிந்தேன். எதிரே பெரிய நாய் ஒன்றை வைத்திருந்த தம்பதியரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் நாய் என்ன செய்துகொண்டிருந்தது, பிறகு எவ்வளவு நேரம் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டியது என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார்கள். நரம்பு நோயில் பாதி, மருத்துவர் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. அதைப் பார்த்தவர் வீட்டுக்காரர் மட்டுமே என்பதால், இங்கே வருகிறவர்கள் எல்லோரும் சாட்சி சொல்ல வந்தவர்களைப் போலவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களை அழைத்த நிபுணரைப் பார்த்ததும் அப்பா என் பக்கம் சாய்ந்து, “இந்தப் பிள்ளையா?” என்று மெல்லக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். “நான்தான் ஐயா, உட்காருங்கள்” என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பிறகு சிட்டுவைத் தொடாமலேயே கால் மணி நேரம் எங்களிடம் கேள்வி கேட்டார். திடீரென வந்ததா, மெல்ல வந்ததா? நேற்றைவிட இன்று மோசமா, அப்படியே இருக்கிறதா? எந்தப் பக்கம் முதலில் தளர்ந்தது? எப்போது கடைசியாகத் தானாகச் சிறுநீர் கழித்தாள்? குரைப்பில் மாற்றம் உண்டா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோயை வெட்டித் தள்ளுவதற்காகக் கேட்கப்படுகின்றன. வலியோடு திடீரென வந்து, மணிக்கணக்கில் மோசமாவது, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், விலகுவதன் போக்கு. வலியே இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடியில் விழுந்து, முதல் நாளுக்குப் பிறகு மோசமாகாமல் நின்றுவிட்டால், தண்டுவடத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டதோ என்று நினைப்பார்கள். மாதக்கணக்கில் மெல்லத் தளர்வது வேறொரு கதை.

நகம் உரசியதை அப்பா சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “எத்தனை நாளுக்கு முன்?” என்று கேட்டார். “ஐந்து நாள்” என்றார் அப்பா. நான் எடுத்திருந்த இருபது விநாடிப் படத்தை நிபுணர் மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை வேகத்தைக் குறைத்து. இடது கால் வலதைவிட முன்னதாகத் தவறியது அதில் தெரிந்தது. மேசையில் படுத்திருந்த சிட்டுவிடம் அந்தத் தகவல் அப்போது இல்லை, ஏனென்றால் இரண்டு காலும் ஒன்றுபோலக் கிடந்தன.

அதன் பிறகுதான் பரிசோதனை. பின்னங்கால் விழுந்த நாயைக் கொண்டுவந்திருக்கிறோம். அவரோ கண்ணுக்கு எதிரே கையை ஆட்டி இமைக்கிறாளா என்று பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், மூக்கின் உட்புறத்தை ஒரு மெல்லிய கருவியால் தொட்டார். அப்பாவுக்குப் பொறுமை போவது எனக்குத் தெரிந்தது. நிபுணர் செய்துகொண்டே விளக்கினார்: நரம்பியலில் ‘என்ன நோய்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எந்த இடம்’ என்ற கேள்வி இருக்கிறது. இடம் ஒன்றா பலவா என்று தெரியாமல் ஸ்கேன் எடுத்தால், தவறான பகுதியைப் படம்பிடித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. தலை நரம்புகள் சரி, முன்னங்கால்கள் சரி என்றால் மூளையும் கழுத்தும் தோள் பகுதியும் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது, வழக்கத்தைவிடச் சற்றுப் பலமாகவே. அப்படியானால் பின்னங்காலுக்கு நரம்பு அனுப்புகிற கடைசிப் பகுதியும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது நடு முதுகு மட்டும். ஊசியோ கதிரோ இல்லாமல், கையும் சுத்தியலும் கொண்டு பத்து நிமிடத்தில் முதுகின் ஒரு பகுதிக்குள் நோயை அடைத்துவிட்டதைப் பார்த்தபோது, ‘இந்தப் பிள்ளையா’ என்று கேட்டவர் தன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. முதுகெலும்பின் இரு ஓரங்களிலும் தோலை இடுப்பிலிருந்து தொடங்கி முன்னோக்கி ஒவ்வொரு விரற்கடை தூரத்திலும் சிறு இடுக்கியால் மெல்லக் கிள்ளிக்கொண்டே வந்தார். இடுப்பருகே கிள்ளியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஓரிடத்தைத் தாண்டியதும், ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அதுபோல முதுகுத் தோல் முழுவதும் துடித்தது. கிள்ளிய செய்தி தண்டுவடம் வழியாகத் தோள் வரை ஏறி, அங்கிருந்து தோலடித் தசைக்கு ஆணையாக இறங்குகிறது. வழியில் தடை இருந்தால் அதற்குப் பின்னாலிருந்து கிளம்பும் செய்தி மேலே போவதில்லை. தோல் துடிப்பு நின்ற கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு முள்ளெலும்பு முன்னால் தேட வேண்டும் என்றார். அந்தக் கோட்டை ஒரு பேனாவால் சிட்டுவின் முதுகில் வரைந்தும் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “நாளை இது இதே இடத்தில் இருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். கடுமையாக நசுங்கிய சில நாய்களில் தண்டுவடமே அழுகி அந்தச் சேதம் முன்னோக்கிப் பரவும் என்பதையும், அப்போது இந்தக் கோடு நாளுக்கு நாள் தலையை நோக்கி ஏறும் என்பதையும், அந்த நிலைக்கு மருந்து இல்லை என்பதையும் மறுநாள் கோடு அசையாததைப் பார்த்த பிறகே எங்களுக்குச் சொன்னார்.

இப்போது இந்தப் பதிவை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருகிறேன். என்னைச் சிட்டுவின் முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன், காது நிமிர்ந்தது, கண் சிரித்தது, வால் அசையவில்லை. கால்களிலோ வாலிலோ தானாக ஒரு சிறு அசைவு இருந்திருந்தால் அடுத்த சோதனையே தேவைப்பட்டிருக்காது என்றார். பிறகு ஒரு கவ்வியை எடுத்து இடது பின்னங்காலின் விரல் எலும்பைப் பிடித்து அழுத்தினார். கால் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது. நான் அழுதேவிட்டேன். “இழுக்கிறாள் டாக்டர், உணர்ச்சி இருக்கிறது!” என்று கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, காலைப் பார்க்கவும் இல்லை. சிட்டுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கால் இழுப்பது கணக்கில் வராது. முகத்தைப் பாருங்கள்” என்றார்.

கால் இழுப்பது அனிச்சைச் செயல். விரலிலிருந்து செய்தி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய், அங்கேயே திரும்பித் தசைக்கு வந்துவிடுகிறது; மூளைக்கு அதில் வேலை இல்லை. நடுவில் தண்டுவடம் முழுவதும் அறுந்திருந்தாலும் அந்தக் கால் இழுக்கும். வலி என்பது மூளை அறிவது. மூளை அறிந்ததற்கு அடையாளம் முகத்தில்தான் இருக்கும்: திரும்பிப் பார்ப்பது, முனகுவது, கடிக்க வருவது, கண்மணி விரிவது. சிட்டுவின் முகம் திரும்பவில்லை. அவர் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டினார். முகம் அப்போதும் திரும்பவில்லை, ஆனால் மூன்று மணி நேரமாக விடாமல் இரைத்துக்கொண்டிருந்த அவள் மூச்சிரைப்பை நிறுத்தி வாயை மூடினாள். கவ்வியை விட்டார், மீண்டும் இரைத்தாள். மறுபடி அழுத்தினார், மறுபடி வாய் மூடியது. வலது காலில் அதே அழுத்தத்துக்குத் தலையைத் திருப்பி உறுமினாள். “இரண்டிலும் இருக்கிறது. இடதில் நூலிழையாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் முதல்முறையாக மணியைப் பார்த்தார்.

அந்த நூலிழையின் விலை என்ன என்பதை அவர் மழுப்பாமல் சொன்னார். தண்டுவடம் நசுங்கும்போது தடித்த நரம்பிழைகள் முதலில் செயலிழக்கும். பாதம் எங்கே எப்படி இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்பவை அவை. நகம் தேய்வது அதனால்தான். அடுத்து அசைவு போகும், அதோடு சிறுநீர்க் கட்டுப்பாடு. ஆழ்ந்த வலி உணர்வைக் கடத்தும் மெல்லிய இழைகள் தண்டுவடத்தின் உட்புறத்தில் இரு பக்கமும் பரவிக் கிடப்பதால் கடைசியாகவே போகும். அது இருக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அது போன பிறகு செய்தால் ஏறக்குறைய பாதி நாய்கள்தான். அறுவை வேண்டாம், கூண்டில் நான்கு வாரம் அசையாமல் வைத்திருப்போம் என்றும் தேர்வு செய்யலாம். நடை தள்ளாடுகிற அளவில் இருக்கும் நாய்களுக்கு அது நல்ல வழியே, பெரும்பாலானவை தேறிவிடும். இன்று சிட்டு இருக்கிற நிலையில் அந்த வாய்ப்பு அறுவையைவிடத் தெளிவாகக் குறைவு. எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, “என் நாயாக இருந்தால் இன்றிரவே மேசையில் இருக்கும், ஆனால் செலவும் அடுத்த ஆறு வாரமும் உங்களுடையவை” என்றார். நான் இதுவரை சந்தித்த மருத்துவர்களில், செலவைப் பற்றிய பேச்சைத் தானாக எடுத்து, அதைக் குற்றவுணர்வாக மாற்றாமல் முடித்தவர் அவர் ஒருவரே.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முழு மயக்கம் தேவை. மனிதரிடம் சொல்வதுபோல ஆடாமல் படு என்று நாயிடம் சொல்ல முடியாது. எங்கள் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் போதாதா என்று நான் கேட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணாம்பாகிவிட்ட டிஸ்க் தெரியும், தண்டுவடம் தெரியாது. எந்த டிஸ்க் வெடித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் பரவியது என்பதை அறியாமல் எங்கே திறப்பது? ஒரு மணி நேரத்துக்குப் பிறகு திரையில் காட்டினார். நலமான டிஸ்க்கில் நீர் இருப்பதால் அந்தப் படத்தில் அது வெள்ளையாகத் தெரிய வேண்டும். சிட்டுவுக்குப் பெரும்பாலானவை கறுப்பு. நாய்க்கு மார்புப் பகுதியில் 13 முள்ளெலும்புகள், இடுப்புப் பகுதியில் 7. பதின்மூன்றாவதற்கும் இடுப்பின் முதலாவதற்கும் நடுவே, இடது பக்கமாக, டிஸ்க்குக்குள் காய்ந்திருந்த கூழ் பிதுங்கித் தண்டுவடத்தை ஒரு பிறைபோல ஒதுக்கியிருந்தது. தோல் துடிப்புக்கான பேனாக் கோடும், முதலில் தவறிய இடது காலும், அப்பா கேட்ட நகச் சத்தமும் சுட்டியது இந்த இடத்தையே. மார்பின் முன் பாதியில் விலா எலும்புத் தலைகளை இணைக்கும் தசைநார் ஒன்று டிஸ்க்குக்கு மேல் குறுக்கே ஓடுவதால் அங்கே இது அரிது, அந்தக் கவசம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அதிகம் என்றார்.

சோபாவிலிருந்து குதிக்க விட்டது என் தவறு என்று நான் இரண்டு நாளாக மனத்துக்குள் அரற்றிக்கொண்டிருந்தேன். அதையும் கேட்டுவிட்டேன். நிபுணர் திரையில் இருந்த கறுப்பு டிஸ்க்குகளை விரலால் எண்ணிக் காட்டினார். இவை நேற்றுக் காய்ந்தவை அல்ல. இந்த இனத்தில் ஒரு வயதுக்குள்ளேயே காயத் தொடங்கிவிடும். எஃப்.ஜி.எஃப். 4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று நாய்களின் கால் குட்டையாவதற்குக் காரணம் என்று 2009ல் கண்டறிந்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு நகல், 12ஆம் குரோமோசோமில் இருப்பது, டிஸ்க் சீக்கிரம் கெடுவதோடு தொடர்புடையது என்று 2017ல் கண்டறிந்தார்கள். அதற்கும் காலைக் குட்டையாக்குவதில் பங்கு உண்டு. எந்தக் காலைப் பார்த்து நாங்கள் அவளைக் கொஞ்சித் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் காலோடு இந்த முதுகும் சேர்ந்தே வந்திருக்கிறது. குதித்தது கடைசித் தள்ளலாக இருந்திருக்கலாம், படுக்கையிலிருந்து எழுந்ததும் இருந்திருக்கலாம். இது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், பாதிதான். இந்த உடலமைப்பை அழகென்று நினைத்து இவற்றைப் பெருக்குகிறவர்களும் வாங்குகிறவர்களும் இருக்கிறோம், அதில் நானும் ஒருத்தி என்ற உறுத்தல் மிச்சம் இருக்கிறது.

அறுவை அன்றிரவே நடந்தது. முள்ளெலும்பின் வளைவில் இடது பக்கச் சுவரை மட்டும் சிறு அளவில் அகற்றி, தண்டுவடத்தைத் தொடாமல் அதன் அருகிலிருந்த காய்ந்த கூழைச் சுரண்டி எடுத்தார்கள்; பக்கத்து டிஸ்க்குகளிலும் சிறு சன்னல் வெட்டி உள்ளிருந்ததை எடுத்துவிட்டார்கள், அவை பின்னாளில் வெடிக்காமலிருக்க. எடுத்ததை ஒரு குப்பியில் காட்டினார்கள்; ஈரமான சுண்ணாம்புத் துகள் போல, ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

மூன்றாம் நாள் சிட்டுவின் மலம் தார்போலக் கறுப்பாக இருந்தது. இதுதான் என் பங்கு. மாலையில் நான் கொடுத்த வலி மாத்திரையும் இரவு மருத்துவமனையில் போட்ட ஊசியும் ஒரே உடலில் சேர்ந்திருந்தன. அந்த ஊசி ஸ்டீராய்டு என்பது சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பைச் சுவரில் புண்ணாகி இரத்தம் கசியும். நிபுணர் முதல் நாளே கேட்டபோது இரண்டையும் சொல்லியிருந்ததால் அவர் வயிற்றைக் காக்கும் மருந்தை முன்கூட்டியே தொடங்கியிருந்தார். நல்லவேளையாக அத்தோடு நின்றது. திடீரென டிஸ்க் வெடித்த நாய்க்கு ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2022ல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையே சொல்கிறது. இருந்தாலும் அந்த இரவு மருத்துவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரையை மறைத்தவள் நான். இப்போது சிட்டுவின் மருந்துகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு மணி நேரப் பாடம் நடந்தது; நடையைப் பற்றி அல்ல, சிறுநீர்ப்பையைப் பற்றி. தண்டுவடத்தின் இந்தப் பகுதியில் அடிபட்டால் சிறுநீர்ப்பையின் வாய் இறுகிக்கொள்ளும். நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து, தானாகக் கழிக்கிறது என்று வீட்டில் மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். உள்ளே தேங்கிய நீரில் தொற்று வந்து மறுபடி கொண்டுவருவார்கள். வாயைத் தளர்த்த மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்து, எலுமிச்சை அளவில் தென்படும் பையைப் பிடித்து, மெல்ல, விடாத அழுத்தத்தோடு காலியாக்கக் கற்றுத்தந்தார்கள். முதல் இரண்டு முறை எனக்கு வரவில்லை. அப்பா முயன்றார், முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. கண்ணை நம்பாமல் கையை நம்புகிறவருக்கு அது எளிதாக இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு வாரமும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவு உட்பட, அந்த வேலை அவருடையதானது.

ஆறு வாரமும் கூண்டு. வெளியே வருவது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் மட்டும். போன வரிசைக்கு நேர்மாறாகத்தான் திரும்பி வரும் என்று நிபுணர் சொல்லியிருந்தார், அப்படியே வந்தது. முதலில் வலி தெளிவானது. கட்டுப் பிரிக்கப் போனால் கடிக்க வந்தாள். எட்டாம் நாள் அப்பாவின் குரலுக்கு வால் நுனி ஒரு முறை அசைந்தது. பன்னிரண்டாம் நாள் துண்டு இல்லாமல் மூன்று விநாடி நின்று, பக்கவாட்டில் சரிந்தாள். மூன்றாம் வாரத்தில் நடந்தாள். பின்பாதி முன்பாதியின் பேச்சைக் கேட்காமல் தனியே போக முயல்கிற நடை. பிசியோதெரபிக்கு வாரம் இருமுறை போனோம். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, சலிக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாம் வார முடிவில் மறுபரிசோதனைக்குப் போனபோது, நான் எட்டு நாளாக எடுத்துவைத்த படங்களைத் தேதி வரிசையில் காட்டினேன். நிபுணர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சிட்டுவை நிற்கவைத்து, வலது பின்பாதத்தை மடக்கி விரல்களின் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார், நொடியில் நிமிர்த்திக்கொண்டாள். இடது பாதத்தை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனத்துக்குள் எண்ணிய பிறகுதான் அது நிமிர்ந்தது. இந்தத் தாமதம் இன்னும் சில மாதங்களில் குறையலாம், கொஞ்சம் மிஞ்சியும் இருக்கலாம், அவளுக்கு அதனால் வலி இல்லை என்றார். கவ்வியை எடுக்கத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் அவர் விரலால் இடது பாதத்தைத் தொட்டதுமே சிட்டு முழு உடலையும் திருப்பி அவர் முகத்துக்கு நேராக உறுமினாள். அவர் கையை எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சோபாவுக்கு முன்னால் சரிவுப் பலகை போட்டிருக்கிறோம், எடையை ஒன்றரைக் கிலோ குறைத்திருக்கிறோம், கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை. மாதம் ஒருமுறை நகவெட்டியோடு உட்காரும்போது வலது பின்னங்காலில் நான்கு நகங்களையும் வெட்ட வேண்டியிருக்கிறது. இடது காலில் நடு இரண்டு நகங்களுக்கு இன்னும் வேலை வைக்கவில்லை. அவை தரையிலேயே தேய்ந்துவிடுகின்றன. அந்தச் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துவருவதாக அப்பா சொல்கிறார், என் காதுக்கு அது கேட்பதில்லை.